அவருக்குச் சிறுசேரி, எனக்கு அம்பத்தூர்: வீடு எங்கே பார்ப்பது?

கேள்வி: எனக்கு 33 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் ஆறு நாள், காலை 8.30க்குள் பஞ்ச் வைக்க வேண்டும். மூன்று முறை தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். கணவருக்குச் சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. வேலை. வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் நாளிலும் 11 மணிக்குள் போனால் போதும். இருவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்றுதான் கல்யாணமான புதிதில் வேளச்சேரியில் வீடு எடுத்தோம். நான் ஸ்கூட்டியைப் பரங்கிமலை மெட்ரோவில் விட்டு, திருமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போகிறேன். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம். அவருக்கும் பைக்கில் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. மகளுக்கு மூன்றரை வயது, ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். மாமியார் குரோம்பேட்டையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து அவளைப் பார்த்துக்கொள்வார், மற்ற நாளில் பக்கத்துத் தெரு கிரெச். மே மாதம் வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. கேளம்பாக்கத்தில் 60 லட்சத்துக்கு மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்று மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். "என் சம்பளம்தானே அதிகம், என் பக்கம் போவதுதான் சரி" என்பது அவர் வாதம். அங்கே போனால் நான் வேலையை விட வேண்டி வரும் என்று எனக்குத் தெரிகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சுயநலமாக யோசிக்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சுயநலமாக யோசிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது அந்தக் கடைசி வரிதான். நகரப் போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழில். வீடு எங்கே பார்ப்பது என்று தம்பதிகள் கேட்கும்போது, யார் வேலையை விடுவது என்ற கேள்வியும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். நீங்கள் அதைக் கண்டுகொண்டுவிட்டீர்கள். அதனால் பதிலையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வீடு உங்கள் பக்கம் சாய வேண்டும். கேளம்பாக்கம் வேண்டாம், வேளச்சேரியும் போதும். அரும்பாக்கம், கோயம்பேடு, திருமங்கலம் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு பாருங்கள். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள், இதில் அவருக்கும் நல்லது இருக்கிறது.

வேளச்சேரி நடுவில் இருக்கிறது என்பது வரைபடத்தில் சரிதான். அங்கிருந்து எஸ்டேட்டும் சிறுசேரியும் ஏறத்தாழ இருபது இருபது கிலோமீட்டர். ஒரு வழிக்கு ஆகிற நேரமும் உங்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் வாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஆறு நாள் போய் வருகிறீர்கள். ஒன்றேகால் மணி வீதம் பன்னிரண்டு பயணம், 15 மணி நேரம். அவர் மூன்று நாள்தான் போகிறார், ஆறு பயணம், ஏழரை மணி நேரம். நடுவில் வீடு எடுத்தும் உங்கள் பங்கு அவருடையதைப் போல இரண்டு மடங்கு. வேளச்சேரிக்குப் போன புதிதில் அவரும் தினமும் ஆபீஸ் போயிருப்பார், அப்போது அது ஓரளவு சமமாக இருந்திருக்கும். அவருடைய வேலை முறை மாறியபோது வீட்டுக் கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை. இது பல வீடுகளில் நடக்கிறது. யாருடைய தப்பும் இல்லை.

இதே கணக்கை மற்ற இடங்களுக்கும் போடலாம். நேரமெல்லாம் காலை நெரிசலை மனதில் வைத்து நான் போட்ட மதிப்பீடு. கேளம்பாக்கத்திலிருந்து அவருக்கு 20 நிமிடம், வாரத்துக்கு 2 மணி நேரம். உங்களுக்கு? 570 பஸ் பிடித்துக் கோயம்பேடு, அங்கிருந்து எஸ்டேட். இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது, வாரத்துக்கு 27 மணி நேரம். இருவருக்கும் சேர்த்து 29. முகப்பேர் அல்லது பாடி என்றால் உங்களுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு 4 மணி நேரம். அவருக்கு ஒரு வழிக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 12. மொத்தம் 16. அரும்பாக்கம் பக்கம் என்றால் உங்களுக்கு 40 நிமிடம், வாரத்துக்கு 8 மணி நேரம். அவருக்கு ஒரு மணி 40 நிமிடம், வாரத்துக்கு 10. மொத்தம் 18. இப்போது வேளச்சேரியில் இருவரும் சேர்ந்து இருபத்திரண்டரை மணி நேரம் சாலையில் கழிக்கிறீர்கள்.

கேளம்பாக்கம் போனால் அவருக்கு வாரத்தில் ஐந்தரை மணி நேரம் மிச்சம், உங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கூடுதல். குடும்பத்துக்கு மொத்தத்தில் நஷ்டம்தான். 8.30க்குப் பஞ்ச் வைக்க, காலை ஆறு மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டும். மகள் எழுந்திருக்கவே மாட்டாள். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது மணி எட்டு. ஒரு மாதம் இப்படிப் போய் வந்தாலே, வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கத் தேவையிருக்காது. உங்கள் உடம்பே கேட்டுவிடும். "நாம் ஒன்றும் சொல்லவில்லையே, அவளாகத்தானே விட்டாள்" என்று பிறகு எல்லோரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளலாம். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்குப் போடுகிறேன்.

சரி, நாளைக்கே அவருடைய கம்பெனி ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னால்? கணவர் இதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும். அப்போது வேளச்சேரியில் இருவருக்கும் சேர்த்து இருபத்தேழரை, கேளம்பாக்கத்தில் 30க்குக் கொஞ்சம் மேல், முகப்பேரில் 24, அரும்பாக்கத்தில் 25க்குச் சற்றுக் குறைவு. அப்போதும் கேளம்பாக்கம்தான் கடைசி. ஆனால் முகப்பேருக்கும் அரும்பாக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது, கவனித்தீர்களா? முகப்பேரை விட்டுவிட்டு அரும்பாக்கம் பக்கம் பாருங்கள் என்று நான் சொல்ல இது ஒரு காரணம். ஒரு மனிதர் தினமும் 4 மணி நேரம் பயணம் செய்வதை, கூட்டுத்தொகை குறைவாக வருகிறது என்பதற்காக நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது அந்தப் பாரம் உங்கள் தோளில் இருக்கிறது. அதை அப்படியே தூக்கி அவர் தோளில் வைத்தால், இரண்டு வருடம் கழித்து இதே மாதிரி ஒரு கடிதத்தை அவர் எழுதுவார்.

இன்னொன்று, எல்லா நிமிடமும் ஒரே நிமிடம் கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தை விட நின்றுகொண்டு காத்திருக்கும் நிமிடம் ஆளை அதிகம் வாட்டும். எங்கள் துறையில் பயண நேரத்தைக் கணக்கிடும்போது காத்திருக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை கொடுப்பது வழக்கம். வண்டி மாறுவதற்குத் தனியாக ஒரு அபராதமே சேர்ப்போம். உங்கள் இப்போதைய பாதையை இப்படிப் பார்த்தால், ஸ்கூட்டி, மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ என்று இரண்டு முறை மாறுகிறீர்கள். பரங்கிமலையிலிருந்து திருமங்கலம் வரை மெட்ரோவில் 20 நிமிடம் போல ஆகும், அந்தப் பகுதியில் உங்களுக்குக் கவலையே இல்லை. திருமங்கலத்தில் இறங்கிய பிறகு நிரம்பி வழியும் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிற பத்து நிமிடம்தான் உங்கள் நாளைக் கெடுக்கிறது. 8.30 அசையாது என்பதால் தினமும் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறவராகத்தான் நீங்கள் இருப்பீர்கள். யாரும் சம்பளம் தராத இருபது நிமிடம் அது. அவருக்கு அந்த நெருக்கடி இல்லை. 9 மணி கூட்டம் கரைந்த பிறகு கிளம்பலாம், கால் மணி நேரம் தாமதமானால் யாரும் கேட்கப் போவதில்லை. யாருடைய கடிகாரம் அசையாதோ அவருக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும், யாருடைய நேரம் வளைந்து கொடுக்குமோ அவர் தூரத்தைத் தாங்கலாம். என் ஆலோசனை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. இதில் ஆண், பெண், சம்பளம் எதற்கும் இடம் இல்லை. நாளைக்கு அவருக்கு ஷிஃப்ட் வேலை வந்து, உங்களுக்கு நேரக் கட்டுப்பாடு தளர்ந்தால், நானே சோழிங்கநல்லூர் பக்கம் போகச் சொல்வேன்.

அரும்பாக்கம் வட்டாரத்தைச் சொன்னதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. உங்களுக்கு அங்கிருந்து எஸ்டேட் போக மூன்று வழி உண்டு. வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகிற டி70 உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேளச்சேரியில் ஏறினால் கத்திப்பாரா, அசோக் பில்லர், வடபழனி என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போகும், அதனால்தான் நீங்கள் மெட்ரோவுக்கு மாறியிருப்பீர்கள். அதே டி70ஐ அரும்பாக்கத்தில் பிடித்தால் பாதி நெரிசல் பின்னால் போய்விட்டது. வண்டி மாற வேண்டாம், சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. மழை நாளில் மெட்ரோவில் மூன்றே ஸ்டாப், திருமங்கலம். அவசர நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விடலாம். ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த இருபது நிமிட முன்ஜாக்கிரதை பத்தாகக் குறையும்.

கணவருக்கு அங்கே கிடைக்கும் பெரிய லாபம் உட்கார இடம். சிறுசேரிக்குப் போகிற 570எஸ் கோயம்பேட்டிலிருந்துதான் புறப்படுகிறது. வேளச்சேரியில் ஏறுகிறவர் நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும், புறப்படும் இடத்தில் ஏறுகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம். வேளச்சேரியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பைக் ஓட்டுவதையும், கோயம்பேட்டிலிருந்து ஒரு மணி 40 நிமிடம் உட்கார்ந்து போவதையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மெட்ரோ வேலையால் குறுகிப்போன ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில், டிப்பர் லாரிக்கும் தடுப்புக்கும் நடுவே பைக் ஓட்டி வந்தவருக்குச் சாயங்காலம் என்ன மிச்சம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் தூங்கலாம், படிக்கலாம், அவர் வேலை லேப்டாப்பில்தான் என்றால் மெயில்களையும் முடித்துவிடலாம். கம்பெனி பஸ்ஸோ கேபோ கோயம்பேடு, வடபழனி வழியாக வருகிறதா என்றும் அவர் விசாரிக்கட்டும். ஓ.எம்.ஆர். கம்பெனிகள் பலவற்றுக்கு அந்தப் பக்கம் பிக்கப் உண்டு.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை வருகிற ஐந்தாவது வழித்தடம் கோயம்பேடு, போரூர், ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகப் போகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் சோழிங்கநல்லூரில் அதைத் தொடும். இரண்டும் முழுதாக ஓடத் தொடங்கினால் கோயம்பேட்டில் ஏறுகிறவர் ஒரே ஒரு இடத்தில் மாறிச் சிறுசேரியில் இறங்கலாம். ஆனால் வரப்போகிற ரயிலை நம்பி வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். இன்றைக்கு ஓடுகிற வண்டியை வைத்து முடிவெடுங்கள், ரயில் வந்தால் அது கூடுதல் லாபம்.

இந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு பயணி இருக்கிறாள். எல்.கே.ஜி. குழந்தை பள்ளி வேனில் ஒரு மணி நேரம் சுற்றக் கூடாது, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும். அதை விட முக்கியம், பகல் 11 மணிக்குப் பள்ளியிலிருந்து "பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால் யார் போவது என்பது. இப்போது அவர் ஆபீஸ் போகிற நாளில் அந்த போன் வந்தால் உங்களில் யாராலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. அரும்பாக்கத்தில் இருந்தால் அந்த நாட்களில் நீங்கள் நாற்பது நிமிடத்தில் போகலாம், வீட்டிலிருந்து வேலை செய்கிற இரண்டு நாள் அவர் ஐந்து நிமிடத்தில் போகலாம். மாமியாருக்கும் சிரமம் இல்லை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது, லிஃப்ட் உண்டு, அரும்பாக்கத்துக்கு மாறாமல் வரலாம். கேளம்பாக்கத்துக்கு அவர் வண்டலூர் வரை ரயிலில் போய், அங்கே பஸ் மாற வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர் வாரம் இரண்டு நாள் அப்படி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இரண்டு நாள் ஒரு நாளாகும், அப்புறம் அதுவும் நின்றுபோகும்.

இனி அந்த மூன்று படுக்கையறை. கூடுதல் அறை வேண்டும் என்கிற ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் தேவை. ஆனால் பொருளாதார அறிஞர்கள் அலாய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் ஜெர்மானியக் குடும்பங்களின் பல வருடத் தரவுகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைப்பதால்தானே மனிதர்கள் நீண்ட பயணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள், அப்படியானால் இரண்டும் சரிக்குச் சரியாகி அவர்கள் மற்றவர்கள் அளவுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் பார்த்தார்கள். அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. பெரிய ஹால் ஆறு மாதத்தில் பழகிவிடும். காலை நெரிசல் பழகுவதே இல்லை, ஏனென்றால் அது தினமும் வேறு மாதிரி வரும். உங்கள் வீட்டு விஷயத்தில் இது இன்னும் மோசம். அறை கூடுவது மூன்று பேருக்கும், பயணம் கூடுவது உங்கள் ஒருவருக்கு மட்டும்.

"என் சம்பளம் அதிகம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். அதைத் திமிராக எடுத்துக்கொள்ளாதீர்கள், பல ஆண்கள் அதைக் குடும்பப் பொறுப்பாக நினைத்தே சொல்கிறார்கள். ஆனால் கணக்கு தப்பு. அரும்பாக்கம் போனால் அவர் சம்பளம் ஒரு ரூபாயும் குறையாது. கேளம்பாக்கம் போனால் உங்கள் சம்பளம் முழுவதும் போகும் ஆபத்து இருக்கிறது. அதிகச் சம்பளத்துக்குப் பக்கத்தில் குடியேறுவது என்பதை விட, எந்த இடத்தில் இரண்டு சம்பளமும் நிலைக்கும் என்று பார்ப்பதுதான் குடும்பக் கணக்கு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கடன் வாங்கினால் அதன் மாதத் தவணையை ஒரு சம்பளத்தில் கட்டப் போகிறீர்களா, இரண்டிலா? வங்கிக்கு உங்கள் சம்பளச் சீட்டையும் கொடுத்துத்தான் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சீட்டு அடுத்த வருடமும் வரும்படி இருக்க வேண்டாமா?

ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகத்தின் எரிகா சாண்டோ, தொலைதூரப் பயணம் செய்யும் தம்பதிகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். அங்கேயும் தூரம் போகிறவர் பெரும்பாலும் ஆண்தான். அவருடைய வருமானம் வளர்கிறது. மனைவி வீட்டுக்கு அருகில், சம்பளம் குறைந்த வேலைக்கு மாறுகிறார், வீட்டுப் பொறுப்பும் அவர் மேலேயே விழுகிறது. பெண்கள் சம உரிமையில் எவ்வளவோ முன்னேறிய நாட்டிலேயே இந்த நிலை. ஆகவே நான் சொல்லும் ஏற்பாட்டில் உங்களுக்கு உள்ள ஒரு ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு உங்கள் ஆபீஸுக்குப் பக்கம் வந்தவுடன், "நீதானே சீக்கிரம் வந்துடுறே" என்ற பேச்சு வரும். காஸ் சிலிண்டர், பள்ளிக் கூட்டம், குழந்தையின் தடுப்பூசி, மாமியாரின் மருத்துவர் எல்லாமே மெல்ல மெல்ல உங்கள் பக்கம் நகர்ந்து வரும். பயணத்தில் மிச்சம் பிடித்த ஏழு மணி நேரத்தையும் வீட்டு வேலை விழுங்கிவிட்டால் நீங்கள் வீடு மாறியதே வீண்.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். அவர் 11 மணிக்குள் போனால் போதும், நீங்களோ ஏழே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே காலை அவருடையது. மகளை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு கட்டி, பள்ளியில் விட்டுவிட்டு அவர் பஸ் ஏறலாம். சாயங்காலம் உங்களுடையது. வீட்டிலிருந்து வேலை செய்கிற இரண்டு நாளும் பள்ளியிலிருந்து அழைத்து வருவது முதல் இரவுச் சமையல் வரை அவர் பொறுப்பு. அந்த நாட்களில் பள்ளிக்குக் கொடுக்கும் முதல் தொலைபேசி எண் அவருடையதாக இருக்கட்டும். இதை உதவி என்று சொல்ல வேண்டாம், பங்கு என்று சொல்லுங்கள்.

வாங்குவதா என்று கேட்டால், இப்போது வேண்டாம். மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து சுமார் 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம், அது திரும்பி வராத பணம். ஐ.டி. வேலை எத்தனை வருடம் ஒரே வளாகத்தில் இருக்கும் என்று கணவராலேயே சொல்ல முடியாது. அடுத்த கம்பெனி போரூரிலோ தரமணியிலோ இருக்கலாம். பிள்ளை பள்ளியில் நிலைபெற்று, இருவர் வேலையும் ஓரளவு உறுதியான பிறகு வாங்கலாம். முதலீடாகவாவது வாங்கியே தீர வேண்டும் என்று அவர் நினைத்தால், வாங்குகிற இடமும் குடியிருக்கிற இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் தவணை, இன்னொரு பக்கம் வாடகை என்று இரண்டையும் தாங்க முடியுமா என்று காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

வீடு பார்க்கப் போவது பற்றிச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை புரோக்கருடன் போனால் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். வீடு பிடித்துவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்த வாசலில் நின்று, அங்கிருந்து உங்கள் கம்பெனி கேட் வரை உண்மையாகவே போய்ப் பாருங்கள். சாயங்காலம் அவர் சிறுசேரியிலிருந்து அதே வாசலுக்கு வரட்டும். நான் போட்ட 40 நிமிடமும் ஒரு மணி 40 நிமிடமும் உங்கள் தெருவுக்குப் பொருந்துகிறதா என்று அப்போது தெரியும். பொருந்தவில்லை என்றால் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் எண்களை வைத்துத் திரும்பப் போடுங்கள்.

அப்புறம் வெள்ளம். வேளச்சேரியில் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூவத்துக்கும் விருகம்பாக்கம் கால்வாய்க்கும் பக்கத்தில் உள்ள தெருக்களில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டுக்காரரையும் முனை மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். கோயம்பேடு மார்க்கெட்டுக்கு மிக அருகில் வேண்டாம், இரவெல்லாம் லாரி வரும், குழந்தை தூங்காது. அண்ணா நகர் வாடகை கட்டுப்படியாகாவிட்டால் அரும்பாக்கத்தில் உள்தெருக்களைப் பாருங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒன்றை வேலை நாட்களில் கணவருக்கு ஆபீஸ் அறையாக விட்டுக்கொடுங்கள். அது அவருக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதை.

அவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பீர்கள். "உங்கள் பக்கமா, என் பக்கமா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முட்டிக்கொள்ளும். ஒரு தாளில் நான்கு ஊரையும் எழுதி, இருவருடைய வார நேரத்தையும் எதிரே எழுதி, அவரையே கூட்டச் சொல்லுங்கள். எண்களோடு பழகியவர், கூட்டல் முடிவதற்குள் அவருக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு, வேலையை விடுவது பற்றிய உங்கள் பயத்தையும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொன்னால் போதும். உங்கள் மனதில் இவ்வளவு இருப்பது அவருக்குத் தெரியாமலேயே கூட இருக்கலாம்.

மே வரை காத்திருக்க வேண்டாம். எல்.கே.ஜி. சேர்க்கையைப் பல பள்ளிகள் ஜூனுக்கு வெகு முன்பே முடித்துவிடுகின்றன, ஆகவே அரும்பாக்கம், அண்ணா நகர் பக்கத்துப் பள்ளிகளில் இந்த வாரமே விசாரியுங்கள். பள்ளி முடிவானால் அதிலிருந்து நடக்கிற தூரத்தில் வீட்டைத் தேடலாம். இப்போதைய வீட்டுக்காரருக்கு எத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் பார்த்து, அதை எழுத்தில் கொடுத்து, அட்வான்ஸ் திரும்ப வரும் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் புது வீட்டுக்குக் கடன் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்க முடியும்.